ஸ்டவுபிட்ஸ் லூத்தரைக் கைவிட்டாரா?

மதுரைக்காரி:
புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 1517, விட்டன்பெர்க், பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு எதிரான 95 கருத்துரைகள், போப்பாண்டவரோடு மோதல் என்று நேராக அங்கேதான் போய் நிற்கிறோம். அதற்கு முன்னால் பல வருடம் அந்த மனிதரை உட்காரவைத்துக் கேட்டு, அதட்டி, தேற்றி, படிக்கவைத்து, கடைசியில் தன் பேராசிரியர் இடத்தையே எழுந்து கொடுத்த ஒரு கத்தோலிக்கத் துறவியைப் பற்றி இங்கே ஒரு இழைகூட இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

பெயர் யோகான் ஃபொன் ஸ்டவுபிட்ஸ். சாக்சனியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், அகுஸ்தினார் சபைத் துறவி, 1500-ல் ட்யூபிங்கனில் இறையியல் முனைவர் பட்டம் பெற்றவர். 1502-ல் ஃபிரெடரிக் என்ற சாக்சனி ஆட்சியாளர் விட்டன்பெர்கில் பல்கலைக்கழகம் ஆரம்பித்தபோது இறையியல் துறைக்கு முதல் தலைவராக வந்தது இவர்தான். அடுத்த வருடமே, ஜெர்மனியில் ஒழுங்கைக் கடுமையாகக் கடைப்பிடித்த அகுஸ்தினார் மடங்கள் அத்தனைக்கும் தலைமைப் பொறுப்பும் இவர் தலையில் வந்து விழுந்தது.

லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்தார். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) என்றால் மற்றவர்களுக்குக் கால் மணி நேரம், இவருக்கு ஒரு தடவை ஆறு மணி நேரம் ஆனதாம். சொல்லி முடித்து வெளியே வந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போனது நினைவுக்கு வரும், திரும்ப ஓடுவார். இதை உட்கார்ந்து கேட்டவர்களில் ஸ்டவுபிட்ஸும் ஒருவர். ஒரு கட்டத்தில், நீ கொண்டுவருவதெல்லாம் பொம்மைப் பாவங்கள், கிறிஸ்து மன்னிக்க வேண்டும் என்றால் கொலை, தெய்வ நிந்தனை என்று நிஜமான பாவமாக ஒன்று கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். முன்குறிப்பு, அதாவது யார் மீட்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை, அது பற்றிய பயத்தில், கடவுள் என்னை ஏற்கெனவே தள்ளிவிட்டாரோ என்று லூத்தர் தவித்தபோது, அந்தக் கணக்கையெல்லாம் விடு, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றார். அப்புறம் விட்டன்பெர்க் மடத்து முற்றத்தில் ஒரு பேரிக்காய் மரத்தடியில் உட்காரவைத்து, நீ முனைவர் பட்டம் வாங்கு, பிரசங்கம் செய் என்று சொன்னார். லூத்தர் பதினைந்து காரணம் அடுக்கினார், இது என்னைக் கொன்றே விடும் என்றார். செத்தால் சாகட்டும், மேலே ஆண்டவருக்கும் நிறைய வேலை இருக்கிறது, அவருக்கும் புத்திசாலிகள் தேவை என்று பதில் வந்தது. 1512 அக்டோபரில் லூத்தர் முனைவர் ஆனார், ஸ்டவுபிட்ஸ் வைத்திருந்த வேதாகமப் பேராசிரியர் இடம் அவருக்குப் போனது.

இப்படிப்பட்டவரை நம் கத்தோலிக்கப் பக்கத்தில் "லூத்தரை வளர்த்துவிட்டவர்" என்று ஒதுக்குகிறார்கள், புராட்டஸ்டண்ட் பக்கத்தில் "பாதி வழியில் நின்றுவிட்டவர்" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இரண்டுமே அநியாயமாகப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரங்கைவாசி:
நல்ல தலைப்பு எடுத்தீர்கள் அம்மா. நான் லுத்தரன் குடும்பம். சீகன்பால்கு என்ற லுத்தரன் மிஷனரி 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடி ஊர்க்காரன் என்பதால் லூத்தர் கதை எங்களுக்குப் பால்குடியோடு வந்தது, லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன். ஆனாலும் ஸ்டவுபிட்ஸ் பெயரை முதன்முதலில் கேட்டது முப்பது வயதுக்கு மேல்தான், எங்கள் ஐயர் (சபைப் போதகர்) ஒரு சீர்திருத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். அது எங்கள் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். "பாதி வழியில் நின்றுவிட்டவர்" என்பது அநியாயம் என்கிறீர்கள். நடந்ததைப் பாருங்கள். 1518-ல் லூத்தருக்கு உயிருக்கே ஆபத்து வந்த நேரத்தில் ஆக்ஸ்பர்க்கில் வைத்து, சபைக் கீழ்ப்படிதலிலிருந்து உன்னை விடுவிக்கிறேன் என்று கைகழுவினார். 1520-ல் பதவியை விட்டார். அப்புறம் சால்ஸ்பர்க்கில் கர்தினால் மத்தேயு லாங் நிழலில் போய்ப் பிரசங்கியாக உட்கார்ந்தார், 1522-ல் சபையையே மாற்றிக்கொண்டு ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையில் சேர்ந்து தூய பேதுரு மடத்துக்கு மடாதிபதியும் ஆனார். லூத்தரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கிய அடுத்த வருடமே இவர் மடாதிபதி! 1519 அக்டோபரில் லூத்தர் இவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் நெஞ்சு வலிக்கும். நீங்கள் என்னை அடியோடு விட்டுவிட்டீர்கள், தாயின் பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தை போல உங்களை நினைத்துத் துக்கப்பட்டேன் என்கிறார், சங்கீதம் 131 வார்த்தை. நேற்று இராத்திரி கனவில் நீங்கள் என்னை விட்டுப் போனீர்கள், நான் அழுதேன், நீங்கள் கையசைத்து, அமைதியாக இரு, திரும்பி வருவேன் என்றீர்கள் என்றும் எழுதுகிறார். திரும்பி வரவே இல்லையே அம்மா அவர்.

பழையபுத்தகம்:
தரங்கைவாசி ஐயா, ஆக்ஸ்பர்க் விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. "கைகழுவினார்" என்பது அங்கே பொருந்தாது. அந்த வருடத்தின் வரிசையைப் பார்த்தால்தான் புரியும்.

1518 ஏப்ரலில் ஹைடல்பெர்க்கில் அகுஸ்தினார்களின் பொதுக்கூட்டம். லூத்தர் வாயை அடைக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி ஏற்கெனவே இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஸ்டவுபிட்ஸ் என்ன செய்தார் என்றால், லூத்தரையே மேடையேற்றி விவாதம் நடத்தவைத்தார். மார்ட்டின் பூட்சர் என்ற இளம் தொமினிக்கத் துறவி அதைக் கேட்டுத்தான் மனம் மாறினார், பின்னாளில் ஸ்ட்ராஸ்பர்க் சீர்திருத்தத்தின் தூணானார். மே மாதம் லூத்தர் தன் கருத்துரைகளுக்கான விளக்க நூலைப் போப்பாண்டவருக்கு அனுப்பியது யார் மூலமாக? ஸ்டவுபிட்ஸ் மூலமாகத்தான். ஆகஸ்டு 25 அன்று அகுஸ்தினார் சபையின் உலகத் தலைவர் கபிரியேலே தெல்லா வோல்தா, சாக்சனி மாகாணத் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறார்: லூத்தரைப் பிடித்து, கையும் காலும் கட்டிச் சிறையில் போடு என்று.

இந்த நிலையில் அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கில் போப்பாண்டவரின் தூதரான கர்தினால் கயேத்தான் முன் லூத்தர் நிற்கிறார். ஸ்டவுபிட்ஸும் அங்கே வந்து சேர்ந்தார். கர்தினால் அவரைக் கூப்பிட்டு, உன் ஆளைப் பின்வாங்கச் சொல் என்று அழுத்துகிறார். என்னால் முடியாது, வேதத்தில் அவன் என்னைவிடத் தேர்ந்தவன் என்கிற மாதிரி இவர் பதில் சொல்லிவிடுகிறார். சரி, அடுத்து ரோமிலிருந்து என்ன உத்தரவு வரும்? "நீ அவனுக்கு மேலதிகாரி, கீழ்ப்படிதல் வாக்குறுதியின் பேரில் அவனைக் கட்டி ஒப்படை." அந்த உத்தரவு வந்தால் கீழ்ப்படிய வேண்டும், இல்லையென்றால் தன் வாக்குறுதியை உடைக்க வேண்டும். அது வருவதற்கு முன்பே அவர் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டார். இனி லூத்தர் என் கீழ் இல்லை, என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்ல வழி செய்துகொண்டார். இது என் ஊகம் இல்லை. லூத்தரே பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொன்னதைச் சீடர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்: என்னை மூன்று பேர் விலக்கினார்கள், முதலில் ஸ்டவுபிட்ஸ், பிறகு போப்பாண்டவர், பிறகு பேரரசர் என்கிறார். ஆனால் ஸ்டவுபிட்ஸ் ஏன் விலக்கினார் என்பதற்கு நான் மேலே சொன்ன காரணத்தைத்தான் அவரும் சொல்கிறார்.

தரங்கைவாசி:
சீடர்கள் குறித்துவைத்ததை நானும் படித்தேன் தம்பி. காரணம் தெரிந்த பிறகும் அந்த மனிதர் அதை "விலக்கம்" என்றுதானே எண்ணிவைத்திருக்கிறார், அதுவும் முதலாவதாக? புத்திக்குப் புரிந்தது, மனசுக்கு வலித்தது. இரண்டும் உண்மைதான். ஆக்ஸ்பர்க்கைப் பற்றி நான் சொன்ன "கைகழுவினார்" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1521? லூத்தரின் 41 வாக்கியங்களைக் கண்டித்துப் போப்பாண்டவரின் ஆணை வெளியான பிறகு, கர்தினால் லாங் மூலமாக ஸ்டவுபிட்ஸிடம் நீயும் அவற்றை மறுத்துச் சொல் என்று கேட்கிறார்கள். நான் சொல்லாததை நான் எப்படித் திரும்பப் பெறுவது என்று முதலில் நியாயமாகத்தான் பேசினார். அப்புறம் போப்பாண்டவரை நடுவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். லூத்தருக்கு அது தாங்கவில்லை. போப்பாண்டவரை நடுவர் என்றால் என் போதனையை மறுக்க அவர் சொல்லும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதினார். உங்களிடம் பணிவு அதிகம், என்னிடம் பெருமை அதிகம் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த வரியில் லூத்தர் தன்னையும் விட்டுவைக்கவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன். ஆனால் பணிவு அதிகம் என்பது குற்றச்சாட்டுதான்.

இரவுப்பறவை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு அடிப்படையே புரியவில்லை. ஸ்டவுபிட்ஸ் போதித்தது என்ன? அவர் பாதி புராட்டஸ்டண்டா? லூத்தர் எதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்?

பழையபுத்தகம்:
நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும்.

முதலில் மனந்திரும்புதல். மத்தேயு 4:17-ல் வரும் கட்டளை லத்தீனில் "பாவப்பரிகாரம் செய்யுங்கள்" என்று படிக்கிற மாதிரி இருந்தது. அப்படிப் படித்தவர்களுக்கு அது ஒரு கணக்கு வழக்கு: முதலில் பயம், பிறகு அறிக்கை, பிறகு பரிகாரம், இதெல்லாம் ஏறி முடித்தால் கடைசிப் படியில் கடவுள்மீது அன்பு. ஸ்டவுபிட்ஸ் தலைகீழாகச் சொன்னார், உண்மையான மனந்திரும்புதல் நீதியின்மீதும் கடவுள்மீதும் உள்ள அன்பில்தான் தொடங்குகிறது என்று. மற்றவர்கள் முடிவு என்று நினைத்ததுதான் தொடக்கம். 1518 மே 30 தேதியிட்ட கடிதத்தில் லூத்தர் இதை நினைவுகூர்ந்து, உங்கள் வார்த்தை பராக்கிரமசாலியின் கூர்மையான அம்பு போல என்னில் தைத்தது என்கிறார். அதற்குப் பிறகு வேதம் முழுக்க அந்த வார்த்தையைத் தேடித் தேடி ஒப்பிட்டாராம், அதுவரை கசப்பாக இருந்த சொல் இனிப்பாகிவிட்டதாம். நான் கேட்டால் 95 கருத்துரைகளின் முதல் வரியே இந்த அம்பிலிருந்து வந்ததுதான் என்பேன்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதானே அது.

இரண்டாவது, அருள். அந்தக் காலப் பல்கலைக்கழகங்களில் கற்பித்த பள்ளி இறையியலில் "ஒருவரைக் கடவுளுக்கு உகந்தவராக்கும் அருள்" என்று ஒரு சொற்றொடர் உண்டு. 1516-ல் அட்வெந்து என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய காலத்தில் நியூரம்பெர்க்கில் செய்த பிரசங்கங்களை ஸ்டவுபிட்ஸ் 1517-ல் முன்குறிப்பு பற்றிய நூலாக வெளியிட்டார், அதில் அந்தச் சொற்றொடரைத் திருப்பிப்போடுகிறார்: அருள் நம்மைக் கடவுளுக்கு உகந்தவராக்குவது இல்லை, கடவுளை நமக்கு உகந்தவராக்குவது. நம்மைத் தேர்ந்துகொண்டபோதே நாம் அவருக்குப் பிரியமாகிவிட்டோம், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பயந்து செத்துக்கொண்டிருந்த ஒரு துறவிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, கிறிஸ்துவும் ஆத்துமாவும் மணமக்கள் என்ற பழைய உருவகம். அவருடையதெல்லாம் இவளுடையது, இவளுடைய பாவமெல்லாம் அவருடையது. லூத்தர் 1520-ல் கிறிஸ்தவ விடுதலை பற்றி எழுதிய நூலில் வருகிற அந்த மகிழ்ச்சியான பரிமாற்றம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

பாதி புராட்டஸ்டண்டா என்றால், இல்லை. அன்பினால் உயிர்பெறும் விசுவாசம் என்றுதான் கடைசிவரை பேசினார், விசுவாசம் மட்டும் என்று லூத்தர் சொன்ன அர்த்தத்தில் போகவில்லை. துறவற வாக்குறுதி, திருச்சபை அதிகாரம் எதையும் விடவில்லை. அகுஸ்தீனாரை ஊன்றிப் படித்த ஒரு கத்தோலிக்கர் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனவர்.

நியூரம்பெர்க்கில் இவர் பிரசங்கத்தைக் கேட்க ஒரு வட்டமே சேர்ந்தது. நகரச் செயலாளர் லாசரஸ் ஸ்பெங்க்லர், சட்ட அறிஞர் கிறிஸ்டோஃப் ஷொயெர்ல், ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் எல்லாம் அதில் இருந்தார்கள். இவர் பெயரிலேயே அந்த வட்டத்தை அழைத்தார்கள். பின்னால் அதே நகரம் லூத்தர் பக்கம் போனதற்கு நிலத்தை உழுதுவைத்தது இவர்தான் என்பது என் எண்ணம்.

மதுரைக்காரி:
பழையபுத்தகம் தம்பி எழுதிய அந்த இரண்டாவது விஷயத்தை இன்று மூன்று முறை படித்தேன். நான் ஏன் இந்த இழையைத் தொடங்கினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

பதினாறு பதினேழு வயதில் எனக்கும் லூத்தரின் வியாதி இருந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து இராத்திரி தூங்க மாட்டேன், சரியாகச் சொன்னேனா, மறைத்தேனா, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக வழங்கும் அப்பம்) வாங்கினால் அது இன்னொரு சாவான பாவமா என்று. ஒரு சாமியார் அலுத்துப்போய், இனி இதோடு வராதே என்று அனுப்பிவிட்டார். இன்னொரு வயதான சாமியார்தான், நீ சொல்வது எனக்கு முழுக்கப் புரியவில்லை மகளே, ஆனால் நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூக்கிவிட்டது. பல வருடம் கழித்து ஸ்டவுபிட்ஸைப் பற்றிப் படிக்கும்போது அதே வார்த்தை அங்கே இருந்தது. லூத்தர் தன் நிஜமான முடிச்சுகளைச் சொன்னபோது, எனக்கு இது புரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு லூத்தருக்கு முதலில் உலகமே இருண்டுவிட்டதாம், இந்தச் சோதனை என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லையோ என்று. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டவுபிட்ஸே, ஏன் இவ்வளவு சோகம் என்று கேட்டு, இது உனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியாது, இது இல்லாமல் உன்னிடமிருந்து நல்லது எதுவும் வராது என்றாராம்.

இன்னொன்று. நல்லவனாக இருப்பேன் என்று ஆயிரம் தடவைக்கு மேல் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தேன், ஒரு தடவைகூடக் காப்பாற்றவில்லை, இனி அப்படி வாக்குக் கொடுக்கப்போவதில்லை, கிறிஸ்துவின் பெயரால் இரக்கம் காட்டினால்தான் எனக்கு வழி என்று ஸ்டவுபிட்ஸ் சொல்வாராம். கலாத்தியர் விளக்கத்தில் லூத்தர் எழுதியிருக்கிறார். ஒரு சபைத் தலைவர் தன் கீழே இருக்கும் இளம் துறவியிடம் இப்படிச் சொல்வது லேசான விஷயமா? ஐஸ்லேபனில் நற்கருணைப் பவனியில் ஸ்டவுபிட்ஸ் நற்கருணையை ஏந்திப் போகிறார், பின்னால் நடந்த லூத்தர் அதைக் கண்டு நடுங்கிப்போய்ப் பிறகு அவரிடம் சொல்கிறார். உன்னை நடுங்கவைத்தது கிறிஸ்து இல்லை, கிறிஸ்து பயமுறுத்த மாட்டார், தேற்றுவார் என்று இவர் சொன்னார்.

தரங்கைவாசி ஐயா, இவ்வளவு செய்த மனிதர் அப்புறம் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதை வைத்து மட்டும் அவரை எடை போடாதீர்கள். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெவ்வேறு ஒழுங்கில் இருந்த அகுஸ்தினார் மடங்களை ஒன்றுசேர்க்க வருடக்கணக்கில் பாடுபட்டவர், ஏழு மடங்கள் எதிர்த்தன, பிரிவினை வந்துவிடும் என்று தெரிந்ததும் 1512-ல் திட்டத்தையே கைவிட்டார். உடைப்பது அவர் சுபாவத்திலேயே இல்லை.

இரவுப்பறவை:
தேடிப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது, இங்கே யாரும் சொல்லவில்லை. 1523 ஈஸ்டர் சமயம் நிம்ப்ஷென் கன்னியர் மடத்திலிருந்து இரவோடு இரவாகத் தப்பித்தவர்களில் காத்தரீனா ஃபொன் போரா இருந்தது எல்லோருக்கும் தெரியும், பின்னாளில் லூத்தரின் மனைவி. அந்தக் கூட்டத்தில் மக்தலேனா ஃபொன் ஸ்டவுபிட்ஸும் இருந்தார், இவருடைய தங்கை. அண்ணன் சால்ஸ்பர்க்கில் மடாதிபதி, தங்கை மடத்தைவிட்டு வெளியே. ஒரே வீட்டில் இரண்டு வழி.

பழையபுத்தகம்:
அருமையான தகவல். தங்கை அப்புறம் கிரிம்மாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

தரங்கைவாசி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். 1524 ஏப்ரல் 1-ல் ஸ்டவுபிட்ஸ் லூத்தருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை நீங்கள் படித்துவிட்டு எழுத வேண்டும். அதே வருடம் டிசம்பர் 28-ல் அவர் இறந்துபோனார்.

தரங்கைவாசி:
படித்தேன் தம்பி. இரண்டு நாள் ஆனது, பதில் எழுத வரவில்லை.

உன்மேல் எனக்குள்ள அன்பு மாறவில்லை, அது பெண்களின் அன்பையும் மிஞ்சியது என்று ஆரம்பிக்கிறார். யோனத்தான் செத்தபோது தாவீது பாடினதுதான், உன் சிநேகம் "ஸ்திரீகளின் சிநேகத்தைப்பார்க்கிலும் அதிகமாயிருந்தது" என்று 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வருமே. அப்புறம், எனக்குப் புத்தி மந்தம், சில விஷயங்களில் உன்னைப் புரிந்துகொள்ள முடியவில்லை, மன்னித்துக்கொள் என்கிறார். ஆனால் பயந்து பேசவில்லை. வெளிக்காரியங்களை, விசுவாசத்துக்குக் கெடுதலில்லாத காரியங்களை ஏன் இப்படித் தள்ளுகிறாய், துறவி உடையை எத்தனையோ பேர் பரிசுத்தமாக உடுத்தி வாழ்ந்தார்களே, அது உனக்கு ஏன் அருவருப்பு, எளிய மனசாட்சிகளைக் குழப்பாதே என்று நேராகக் கேட்கிறார். கேட்டுவிட்டு, மார்ட்டின், உனக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம், பன்றி தின்னும் தவிட்டிலிருந்து ஜீவனுள்ள மேய்ச்சலுக்கு எங்களைக் கொண்டுவந்தாய் என்கிறார். இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். கெட்ட குமாரன் கதையில் தவிட்டைத் தின்ற மகனின் இடத்தில் தகப்பன் தன்னையே வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்து நன்றி சொல்கிறார்.

ஒரு காலத்தில் சுவிசேஷ போதனைக்கு நான் முன்னோடியாக இருந்தேன் என்றும் அதில் எழுதியிருக்கிறார். கர்தினால் லாங் மாதிரி ஆளின் ஊரில் உட்கார்ந்துகொண்டு, லூத்தர் பெயருக்கே ஆபத்து இருந்த காலத்தில் இதை மையில் எழுதி அனுப்பியவரைக் கோழை என்று இனி என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் அவர் விட்டன்பெர்க்குக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அது என் விசுவாசம், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மதுரைக்காரி:
மாற்றிக்கொள்ள வேண்டாம் ஐயா. 1518-லேயே அவர் லூத்தருக்கு, விட்டன்பெர்க்கைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு என்னிடம் வா, ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகச் சாவோம் என்று எழுதினார். அவர் கூப்பிட்டு இவர் போகவில்லை, இவர் எதிர்பார்த்து அவர் வரவில்லை.

அந்தக் கடைசிக் கடிதத்துக்கு ஆறேழு மாதம் முன்பு, 1523 செப்டம்பரில், மடாதிபதி ஆனது பிடிக்காமல் லூத்தர் கோபமாகத்தான் எழுதினார். அதில்கூட, உங்கள் மூலமாகத்தான் சுவிசேஷத்தின் ஒளி முதலில் என் இருதயத்தின் இருட்டில் பிரகாசிக்கத் தொடங்கியது, அதை மறக்க முடியாது என்று இருக்கிறது. 1545-ல், தான் சாவதற்கு ஒரு வருடம் முன்பும், சாக்சனி ஆட்சியாளருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் போதனையில் எனக்குத் தகப்பன் அவர்தான், கிறிஸ்துவுக்குள் என்னைப் பெற்றவர் என்கிறார். அப்போது ஸ்டவுபிட்ஸ் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

இரவுப்பறவை:
அக்கா, கடைசியாக ஒரு கேள்வி. கத்தோலிக்கப் பக்கம் அவரை என்ன செய்தது?

மதுரைக்காரி:
1559-ல் நான்காம் சின்னப்பர் போப்பாண்டவராக இருந்தபோது தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள் தம்பி. இறந்து முப்பத்தைந்து வருடம் கழித்து. கல்லறை சால்ஸ்பர்க்கில் அதே தூய பேதுரு மடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் யாராவது போனால் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். தரங்கைவாசி ஐயா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

தரங்கைவாசி:
மெழுகுவர்த்தி எங்கள் வழக்கம் இல்லை. இருந்தாலும் ஏற்றுங்கள்.